வார்டே கேட்கச் சொன்ன பெயர்

இன்று காலை ஆஸ்பத்திரி வாசலில் கையை நீட்டினேன். சுவரில் மாட்டியிருக்கும் குப்பியை அமுக்கினால் சில்லென்று வருமே, கை கழுவும் மருந்து, அது உள்ளங்கையில் விழுந்தது. உனக்கு அந்த வாடையே ஆகாது. "இதத் தேச்சுக்கிட்டு ஊருக்குள்ள போனா, பெரியவரு காலையிலயே கடைக்குப் போயிட்டு வாராருன்னு சொல்லப் போறாக" என்று என்னைக் கேலி செய்வாய். கையை மூக்கருகே வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "பெரியவரே, வழிய விடுங்க" என்றார். விட்டேன்.

இந்த முறை நான் நோயாளியாகப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆமாம், படிக்கத்தான். நீ போன பிறகு நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கோச்சடையில் நம் மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முதலில் முட்டி இடித்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நடக்கிறேன். டயர் கடை, கண்ணாடிக் கடை, பரோட்டாக் கடை, பல் ஆஸ்பத்திரி. "அப்பா, வாய்விட்டு வாசிக்காதீக, எல்லாரும் திரும்பிப் பாக்குறாக" என்று மகள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். பார்க்கட்டும். நான் வாசிக்கிறேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இந்த மடலையும் நானேதான் எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. நீ அவசரப்படாமல் கேள்.

என்னைக் கூப்பிட்டவர் ஆராய்ச்சி டாக்டரம்மா. உனக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். கட்டில் கட்டிலாகப் போய், ஊசி போடும்போது என்ன கேட்கிறார்கள், எங்கே தவறு நடக்கப் பார்க்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாரே, அவர். இப்போது வேறொரு ஆராய்ச்சி தொடங்கப் போகிறார்களாம். புற்றுநோய்க்குக் கரண்டு வைக்கும்போது, அதான் கதிர்வீச்சுச் சிகிச்சை, தோல் வெந்துபோகிறதல்லவா, அதற்கு ஒரு களிம்பு. நோயாளிகளிடம் கொடுக்கத் தமிழில் ஒரு விளக்கத் தாள் எழுதியிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன்னால், அந்த வேதனையைப் பட்டுத் தேறிய எங்களைப் போன்றவர்கள் வாசித்துப் புரிகிறதா என்று சொல்ல வேண்டும். மேசை போட்டு, தண்ணீர் வைத்து, பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்தார்கள். நான் விரலை வைத்து வாசித்தேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி. "ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும் முன்பும் உங்கள் பெயரைக் கேட்போம். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால், உடன் இருப்பவர் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும்."

அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் உன் ஞாபகம்தான்.

நீ என் பெயரைச் சொன்னவளே இல்லை. நம் கல்யாணத்தன்று உன்னை வாசலில் மறித்துக்கொண்டு, மாப்பிள்ளை பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று பெண்கள் கலாட்டா செய்தார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம மீனாட்சி வீட்டுக்காரவுக பேரு" என்றாய். கூட்டம் கைதட்டி உள்ளே விட்டது. அன்றிலிருந்து ரேஷன் கடையிலும், மகளைப் பள்ளியில் சேர்க்கும்போதும், ஓட்டுப் போடும் இடத்திலும் உனக்கு அதே பதில்தான். பேரையூர்ப் பக்கத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும் என்பதால் ஒரு குழப்பமும் வந்ததில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று உன்னை வளர்த்திருந்தார்கள். நீ அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவள் இல்லை. கடைசிவரை அதை நம்பினாய்.

என் கன்னத்துக்குள் புண் வந்ததை முதலில் கண்டுபிடித்ததும் நீதான். புகையிலையை அந்தப் பக்கமே அடக்கி வைத்து வைத்து வந்தது. குழம்பில் காரம் கூடிவிட்டது என்று நான் சத்தம் போட்டேன். "காரம் அதேதான். உங்க வாயிதான் சரியில்ல, தொறங்க" என்று வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாய். மறுநாள் காட்டு வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினோம்.

கன்னத்தில் வெட்டி எடுத்த இடத்தில் வைக்க நெஞ்சிலிருந்து தோலும் சதையும் எடுத்தார்கள். கண் விழித்த எனக்கு அதை நீதான் விளக்கிச் சொன்னாய். "இனிமே நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்கன்னு கேட்டா, எங்கிட்டுத் தொடுவீக? கன்னத்தையா?" என்றாய். தையல் போட்ட வாயோடு சிரிக்கக் கூட முடியாமல் நான் பட்ட பாடு உனக்குத்தான் தெரியும். தொண்டையில் குழாய். ஒரு சத்தமும் வராது.

அடுத்த கட்டிலில் சுந்தரம் இருந்தார். சௌராஷ்டிரக்காரர், நூலுக்குச் சாயம் போடும் வேலை. இளவயதில் சாயக் கொப்பரை கவிழ்ந்து கால் வெந்த தழும்பு அவருக்கு இருந்தது. அந்தப் பழைய தழும்பிலேயே புற்று வந்திருந்தது. அதை எடுத்துவிட்டுத் தொடைத் தோலை ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் கிருமி சேர்ந்துகொண்டது. கிருமிக்காக அவருக்கு பென்சிலின் வகை ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கோ அந்த ஊசி ஆகாது. பல வருடம் முன்பு காலில் ஆணி குத்தியதற்கு அதைப் போட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டி, நீ என்னை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஒவ்வொரு டாக்டரிடமும் நீ அதைச் சொன்னாய். என் கேஸ் கட்டின் மேல் சிவப்பு மையில் எழுதினார்கள். அவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள்.

ஆனால் அன்று மத்தியானம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. என் கையில் ஊசி ஏற்றியிருந்த இடம் வீங்கியதால், இடத்தை மாற்ற வேண்டி, மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப் பட்டையை வெட்டினார்கள். புதுப் பட்டை வருவதற்குள் டியூட்டி மாறிவிட்டது. சுந்தரத்தைப் புண்ணுக்குக் கட்டு மாற்றத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வார்டுக்கு அன்றுதான் வந்த ஒரு சிஸ்டர், நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, தட்டில் ஊசிகளை வைத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தது.

"அம்மா, ஐயா பேரு என்ன?"

நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். "கையில கட்டியிருப்பாக, பாருத்தா."

"பட்டையக் காணலியே. நீங்களே சொல்லுங்க. பேரு கேக்காம நாங்க மருந்து போடக் கூடாதும்மா."

"நான் எப்பிடித்தா சொல்லுவேன்? நம்ம மீனாட்சி இருக்கால்ல, அவ வீட்டுக்காரவுக பேரு."

"மீனாட்சியா? உங்க மகளா?"

"அட போத்தா, மகளாம்ல! கோயில்ல இருக்காளே, மதுரைக்கே ராணி, அவ!"

"ஓ, சாமி பேரா!" அந்தப் பிள்ளையும் சிரித்தது. "சரிம்மா, புரிஞ்சிருச்சு."

உனக்கு நிம்மதி. கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கினாய். மீனாட்சியின் வீட்டுக்காரர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சுந்தரேசுவரர்தான். அவரையே சொக்கர் என்று நாம் கும்பிடுவது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தட்டிலிருந்த ஊசிகளில் சுந்தரம் என்று ஒரு பெயர் இருந்தது. அதைக் கையில் எடுத்துவிட்டது. என் கையில் இறங்கிக்கொண்டிருந்த குழாயில் ஊசி முனையைச் செருகி, அவர்கள் வழக்கப்படி வாய்விட்டுச் சொன்னது.

"சுந்தரம் ஐயா, புண்ணு ஆற ஊசி போடுறேன்."

எனக்குக் கேட்டது. வாயைத் திறக்கப் பார்த்தேன், தையல் இழுத்தது. தலையை ஆட்டினேன், குழாய் இழுத்தது. சும்மா இருந்த கையால் கட்டில் கம்பியைத் தட்டினேன். "பயப்படாதீங்க ஐயா, வலிக்காது" என்று அந்தப் பிள்ளை என் கையைத் தடவிக் கொடுத்தது. நல்ல பிள்ளை. அதன் கட்டைவிரல் ஊசியின் பின்பக்கத்தில் இருந்தது.

நீ தலை நிமிர்ந்தாய். நான் தட்டிய சத்தத்துக்கா, சுந்தரம் என்ற பெயருக்கா, எனக்குத் தெரியாது. உன் மடியிலிருந்த துணி எல்லாம் கீழே விழுந்தது.

"எடுத்துருத்தா! கைய எடு! எங்க வீட்டுக்காரவுக பேரு சொக்கன்! சொக்கன்! சொக்கன்!"

காட்டில் அடுத்த கரைக்குக் கூப்பிடும் குரல் அது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றோடு உள்ளே ஓடிவந்தார். அந்தப் பிள்ளையின் விரல் அப்படியே நின்றது. ஒரு சொட்டுக் கூட உள்ளே போகவில்லை. ஊசியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, நல்லவேளை சொன்னீங்க, நல்லவேளை சொன்னீங்க" என்று அழுதது. பிறகு தானே போய்ப் பெரிய சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னது. அதை நான் மறக்க மாட்டேன்.

நீயும் அழுதாய். ஆனால் ஊசிக்காக இல்லை.

கட்டு மாற்றிக்கொண்டு சுந்தரம் திரும்பி வந்தார். வார்டே அவரிடம் கதையைச் சொன்னது. "என்னண்ணே, நான் காலக் கழுவிட்டு வாரதுக்குள்ள எம் பேர எடுத்துக்கிட்டீக, எம் ஊசியையும் எடுக்கப் பாத்தீகளாம்ல. எம் பொண்டாட்டிய மட்டும் எனக்கே விட்டுட்டீகளே, அதையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல!" என்றார். அவர் மனைவி அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ சொல்ல, அவர் கட்டிலே குலுங்கச் சிரித்தார். "என்ன சொல்றாக?" என்று நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாய். "அவளா இருந்தா எம் பேரச் சொல்லியிருக்க மாட்டாளாம். ஊசி போனாப் போகட்டும்னு விட்டுருப்பாளாம்!" அப்போது நீயும் சிரித்தாய். ஆனால் அரைச் சிரிப்புதான்.

அதற்குப் பிறகு நான் இருமினால் உன் முகம் கறுத்துவிடும். கரண்டு வைக்க ஆரம்பித்து, கழுத்துத் தோல் கறுத்து, உரிந்து, ஒரு இடத்தில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தபோது, நீ என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாய்: "எல்லாம் என் வாயால வந்தது. ஒரு தடவ சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்ல, அம்புட்டுப் பேரு முன்னாடி மூணு தடவ கத்திப்புட்டேன்." எனக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. உன் கையை எடுத்து என் மூக்கின் முன்னால் வைத்து, மூச்சு வருகிறது பார் என்று காட்டினேன். "இப்ப வருது" என்றாய்.

கழுத்துப் புண்ணைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஒற்றி எடுத்து, காற்றாட விட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து பார்க்க வந்த உன் தம்பி ஒரு பச்சிலை உருண்டையை நீட்டினான். "அரைச்சுப் பூசுக்கா, ரெண்டே நாள்ல காயும்." நீ அதை வாங்கி ஜன்னலில் வைத்தாய். "கையக் கழுவிட்டு வந்து பேசுடா மொத. இவுக கழுத்து என்ன ஒழவு மாட்டுக் கழுத்தா, கண்டதப் பூச?" என்றாய். ஆயுசு குறையும் என்று அம்புட்டு பயந்தவள், மருந்து விசயத்தில் டாக்டர் சொன்னதை விட்டு ஒரு அடி நகரவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தன என்று யாராவது கேட்டால், அவர்கள் உன்னைப் பார்த்ததில்லை என்று சொல்லுவேன். புண் ஆறியது. காய்ச்சல் போனது.

அந்த நாட்களில்தான் ஆராய்ச்சி டாக்டரம்மா உன்னிடம் வந்தார். நடந்த விசயத்தில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை, அடுத்தவருக்கு நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றார். ஏன் முதலிலேயே பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டார். நீ உன் பயத்தைச் சொன்னாய். அவர் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் எங்கப்பா பேரச் சொல்ல மாட்டாங்கம்மா. இது எனக்கே தெரியும், ஆனா கட்டில் பக்கத்துல யோசிக்கல" என்றார்.

"அப்ப அவரு பேருக்குப் பதிலா அவரோட அப்பா பேரக் கேக்கலாமா?"

"மாமனாரு பேரா? நல்லாக் கேட்டீக! அதுக்கு இவுக பேரையே சொல்லிப்புடலாம்!"

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டீர்கள். பேசிப் பேசி, நோயாளியின் படத்தைக் கட்டிலில் மாட்டிவிட்டு, உடன் இருப்பவரை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லலாம் என்று முடிவுக்கு வந்தீர்கள். ஒரு கைப் பட்டையை வெட்டும் முன் மறு கையில் புதிதைக் கட்டிவிட வேண்டும் என்பதையும் அந்த வார்டில் பழக்கமாக்கிக்கொண்டார்கள்.

இன்று அந்தத் தாளில் அதைத்தான் சேர்க்கச் சொன்னேன். "பெயரைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் படத்தைத் தொட்டுக் காட்டலாம். அதற்காக யாரும் உங்களைக் கேலி செய்ய மாட்டார்கள்." இரண்டாவது வாக்கியம் என் சொந்தச் சரக்கு. டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் சரியாக நடந்தது. உன் பயம் மட்டும் எத்தனையோ வருடம் சரியாகவில்லை. வருடா வருடம் என்னைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவாய். டாக்டர் கழுத்தைத் தடவி, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து, "நல்லாருக்கீங்க, போயிட்டு வாங்க" என்பார். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவாய். ஒவ்வொரு பெருமூச்சிலும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததை நான் பார்த்தேன். ஒரு தடவை அந்தப் பெஞ்சிலேயே, "பேரச் சொன்னதுக்கு இம்புட்டு வருசம் தாக்குப் பிடிச்சிட்டீகளே" என்று என் தோளில் இடித்தாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். அதே ஆஸ்பத்திரி, வேறு வார்டு. அங்கும் நன்றாகத்தான் பார்த்தார்கள். அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். உன் உடம்புக்கு அதற்கு மேல் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

அங்கே ஒரு சாயங்காலம், நீ தெளிவாக இருந்த கடைசிச் சாயங்காலம், சிஸ்டர் ஒருவர் வந்து உன்னிடம் கேட்டார். "உங்க கூட இருக்கிறது யாரும்மா?"

நான் வாயைத் திறந்தேன். நான் பேசினால் ஒரு தடவையில் யாருக்கும் புரியாது, நெஞ்சுச் சதையை வைத்துப் பேசும் பேச்சு. அதற்குள் நீ தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாய். முந்தானையைத் தேடவில்லை. மீனாட்சியைக் கூப்பிடவில்லை.

"எம்புருசன். சொக்கன்" என்றாய்.

சிஸ்டர் போன பிறகு என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் குறும்பு இருந்தது. "சும்மாதான் சொல்லிப் பாத்தேன். நல்லா இருக்குல்ல, சொல்றதுக்கு?" என்றாய். நல்லா இருந்தது. அதைக் கேட்க நான் ஒரு முழு வாழ்க்கை காத்திருந்தேன் என்று உன்னிடம் சொல்ல வந்தேன். வார்த்தை குழறியது. நீ புரிந்துகொண்டு, தூங்கப் போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

இப்போது ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் வகுப்பிலும் என் பெயரைக் கேட்கிறார்கள். நானே சொல்லுகிறேன். முதல் தடவை அவர்களுக்குப் புரிவதில்லை, "என்ன ஐயா?" என்கிறார்கள். எனக்குச் சலிப்பே வருவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வார்டில் நீ கூப்பிட்ட மாதிரியே, முதல் எழுத்தில் அழுத்தம் கொடுத்து மறுபடியும் சொல்லுகிறேன். உன் அளவுக்குத் தெளிவாக இன்னும் வரவில்லை. வந்துவிடும்.